ரிலேக்கு அடியில் ஒரு கம்பி

வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்ய ஆசைப்படுகிறவர்கள், மையைச் சூட்டில் இறக்குகிற இஸ்திரிப் பெட்டியை முதலில் ஓரமாகத் தூக்கி வைத்துவிட வேண்டும், ஐயா. கொசு விரட்டும் களிம்பு போதும். பெட்டிக்கடையில் சின்ன உறைகளைச் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அதேதான். கணினியில் வரைந்த கோடுகளை நகல் கடையில் சாதாரணத் தாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். செம்பு ஒட்டிய பலகையைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் பளிச்சென்று தேய்த்து, மேலே களிம்பைத் தடவி, தாளைக் கவிழ்த்துப் போட்டு, கட்டைவிரலால் பொறுமையாக நீவ வேண்டும். கறுப்பு மை செம்பில் இறங்கிவிடும். பிறகு தாளை நனைத்து உரித்துவிட்டு, பலகையை ஃபெர்ரிக் குளோரைடு கரைத்த தண்ணீரில் போட்டு ஆட்ட வேண்டும். மை இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்து போய்விடும். மை இருந்த இடம் மட்டும் கோடு கோடாக நிற்கும். மின்சாரம் போகிற பாதை அதுதான். நான் இதற்குப் பழைய சோற்று டப்பா ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். என் சட்டைகளில் பாதி இந்தக் கரைசல் தெறித்துக் கறைபட்டவை. என் மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். என்னிடம் பெரிய பட்டறை எதுவும் இல்லை என்று சொல்வதற்காகத்தான். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு குட்டித் துளைக்கருவி, ஈயம் வைக்கிற கோல். அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையில் செய்த பலகை ஒன்றுகூடத் தவறியதில்லை. இதை உங்கள் ஆள் எழுதிக்கொள்ளட்டும்.

இந்தப் பக்கத்து எலிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கூட்டமாக இறங்கி, ஒரே ராத்திரியில் ஒரு வயலை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். விஷம் வைத்துப் பார்த்தார்கள். ஊரே திரண்டு வளை தோண்டி அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் விடுவதுதான். அது சட்டப்படி குற்றம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்தக் காவல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற வயலிலும் கம்பி ஓடுகிறது. நான் வரும்போது பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

கம்பி எலியை மட்டும் கொல்வதில்லை. வருஷா வருஷம் யாராவது ஒரு மனிதரும் போய்க்கொண்டிருந்தார். வெற்றுக் காலோடு, ஈர வரப்பில், அடுத்தவன் கம்பியிலோ தன் கம்பியிலோ. அந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் நான் என் காவல் பலகையைச் செய்தேன். நீங்கள் நம்ப வேண்டும், ஐயா. ஆட்களைக் காப்பாற்றத்தான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

அது செய்கிற வேலை எளிமையானது. எலி கம்பியில் பட்டால் அதன் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போகும். மனிதன் பட்டால் அதிகம் போகும். என் பலகை அந்த அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் ரிலே என்கிற கறுப்புச் சதுரப் பெட்டி டக்கென்று இழுத்துக்கொண்டு, மொத்தக் கம்பியையும் துண்டித்துவிடும். மனிதனுக்கு ஒரு சின்ன உதறல், அதோடு சரி. ஒவ்வொரு பலகையையும் கொடுப்பதற்கு முன்னால் நான் வாழைக்கட்டையை வைத்துப் பார்ப்பேன். நனைந்த வாழைமரத் துண்டு கிட்டத்தட்ட மனித உடம்பு மாதிரிதான், தண்ணீரும் உப்பும். கம்பியில் அதைச் சாய்த்ததும் ரிலே இழுக்க வேண்டும். இழுத்தால்தான் பலகை என் வாசலைத் தாண்டும்.

இதை வாங்கினவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. முன்பெல்லாம் செத்த எலிகளைப் பொறுக்க இறங்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். நிறுத்தின நேரத்தில் அடுத்த கூட்டம் உள்ளே புகுந்துவிடும். என் பலகை வந்த பிறகு யாரும் நிறுத்துவதில்லை. கம்பி உயிரோடு இருக்கும்போதே சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். 'வியோனோ பலகை இருக்கு, என்ன பயம்' என்பது எங்கள் ஊரில் பேச்சாகவே ஆகிவிட்டது. என் பெயர் அப்படிப் புழங்குவதைக் கேட்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஹர்ஜிதோ வந்தான்.

நீங்கள் இப்போது உள்ளே அடைத்து வைத்திருக்கிறீர்களே, அவன்தான். சந்தை முனையில் கைபேசி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். வேலை சுத்தமான வேலை, நான் மறுக்கவில்லை. தலைதான் இல்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. உங்க பலகைய நகல் எடுத்து ஒண்ணு செஞ்சு பாத்தேன். சும்மா, கத்துக்கத்தான். ஐசி சில்லு உக்காரவே மாட்டேங்குதுண்ணே. காலெல்லாம் இடம் மாறி வருது."

"கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி அச்செடுக்கணும்டா. தாளக் கவுத்துப் போடும்போது அதுவா நேராயிடும்."

"அட, இது எனக்குத் தோணாமப் போச்சே. உங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

ஆமாம், பெரிய மனசுதான். நானே சொல்லிக்கொடுத்தேன். அடுத்த பருவத்துக்குள் அவன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் என் பலகைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் விலையில் பாதிக்கும் கீழே. கைபேசியில் படம் பிடித்துப் போட்டு, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். என் பெயரின் முதல் எழுத்தைப் பலகையின் மூலையில் செம்பிலேயே விட்டுவைப்பது என் வழக்கம். அவன் பலகையிலும் அது இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் அச்செடுத்த நகல் கடையின் கண்ணாடியில் இருந்த ஏதோ அழுக்கு, ஒருமுறை என் பலகையில் புள்ளியாக விழுந்திருந்தது. அந்த ஒன்றைத்தான் அவன் வாங்கியிருக்கிறான். அவன் செய்த எல்லாப் பலகையிலும் அந்த அழுக்குப் புள்ளி, துல்லியமாக, அதே இடத்தில்.

அவன் கடைக்கே போய்க் கேட்டேன். டீக்கடை பக்கத்திலேயே இருந்ததால் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"என் எழுத்தையும் சேத்து விக்கிறியேடா, வெக்கமா இல்ல?"

"எழுத்தாண்ணே அது? நான் ஏதோ கரண்ட் போற கோடுன்னுல்ல நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கிராம்பு சிகரெட்டுப் புகையை விட்டபடி சொன்னார், "ஏம்ப்பா வியோனோ, கோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? அவன் கொறச்சுக் குடுக்குறான், நாலு ஏழை பொழைக்கட்டுமே." அந்த ஆளின் தம்பியை முந்தைய வருஷம் கம்பியிலிருந்து உயிரோடு திருப்பிக் கொடுத்தது என் பலகை. அவரும் சிரித்தார். ஊர்த்தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு பேரும் கூட்டாச் செய்யுங்களேன்" என்றார். சோறு இறங்கவில்லை. எத்தனை ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக நகர்த்தி வைத்து உருவாக்கியது அது. அவனுக்கு அது ஒரு படம், அவ்வளவுதான்.

கோபம் ஆறின பிறகு யோசித்தேன். அழுக்கையும் விடாமல் நகலெடுக்கிறவன் எதை வைத்தாலும் நகலெடுப்பான். அவன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் எடுப்பான்.

அதனால் புதிய பலகை ஒன்றை வரைந்தேன். கொஞ்சம் சின்னது, பார்க்க அழகானது. அளவு பார்க்கிற பகுதியிலிருந்து ரிலேக்குப் போகிற கோடு இதில் ஓர் இடத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு துளை, சற்றுத் தள்ளி இன்னொரு துளை. இரண்டையும் மேல்பக்கத்தில் ஒரு நகநீளக் கம்பியால் இணைத்துவிட்டு, அதன் மேலேயே ரிலேயை உட்கார வைத்து, அசையாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டிவிடுவேன். வெளியே ஒன்றும் தெரியாது. ஹர்ஜிதோவுக்கு என்னென்ன பாகங்கள் என்று ஏற்கெனவே தெரியும். பாகங்களைக் கழற்ற மாட்டான். செம்புப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, திருப்பி, அச்செடுப்பான். இரண்டு துளைகளையும் போடுவான், ஏனென்றால் படத்தில் இருக்கின்றன. கம்பியை வைக்க மாட்டான்.

நான் எதிர்பார்த்தபடியே ஆயிற்று. புதுப் பலகை சந்தைக்கு வந்து கொஞ்ச நாளில் அவன் கண்ணாடிப் பெட்டியிலும் வந்துவிட்டது. 'புது மாடல்' என்று எழுதியும் வைத்திருந்தான்.

திருடனுக்குப் பூட்டுப் போடுவது குற்றமா என்று கேட்கிறேன். நான் விற்றது எல்லாம் முழுமையான பலகை. யாரிடமும் குறையுள்ள பொருளைக் கொடுத்துக் காசு வாங்கவில்லை. நகல் ஓடக்கூடாது என்று ஒரு கம்பியை மறைத்து வைத்தேன். இதுவரை எந்த நியாயஸ்தனும் என்னைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் பொத்தானைப் பற்றிக் கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகையின் ஓரத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ரிலே இழுக்கும், சிவப்பு விளக்கு எரியும். விட்டால் பச்சை விளக்கு திரும்ப வரும். பழைய பலகையில் அந்தப் பொத்தான் மொத்தப் பாதையையும் சோதிக்கும். மனிதன் தொட்டால் எந்த வழியாகச் செய்தி போகுமோ அதே வழியாக. புதிய பலகையில் பொத்தானின் கோட்டை நேராக ரிலேக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொத்தான் வேலை செய்யும்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பொத்தான் வேலை செய்யாமல் போனால் ஹர்ஜிதோ அன்றைக்கே ஏதோ குறை என்று கண்டுகொள்வான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் யாரிடமாவது கேட்டு, அந்தத் துளைகளுக்கு ஒரு கம்பியை வைத்துவிடுவான். என்னிடமேகூட வந்து கேட்டிருப்பான், அவ்வளவு வெட்கம் கெட்டவன். பிறகு என் உழைப்பு வீண். நகல் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். தேவைப்படுகிற அன்றைக்கு மட்டும் ஓடக்கூடாது. அப்போதுதான் அசல் எது என்று ஊருக்குத் தெரியும். ஊருக்கு வேறு எந்த வழியிலும் தெரியப்போவதில்லை என்பது சந்தையில் அவர்கள் சிரித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

தேவைப்படுகிற நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை. யார் என்றுதான் தெரியாது. எங்கோ பக்கத்து ஊரில், முகம் தெரியாத ஒருவர் என்று நினைத்திருந்தேன்.

துகிஜான் என் தங்கை லஸ்மினியின் கணவன். சிரித்த முகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டியைத் திறந்து பார்க்காமல் போக மாட்டான். அன்று மத்தியானம் மோட்டார் சைக்கிளைக் கொய்யா மரத்தடியில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். என் மனைவி பொரித்த சோயா டெம்பேயும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

"மச்சான், திட்டாத. ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன பண்ணின?"

"ஹர்ஜிதோகிட்ட ஒரு பலகை வாங்கிட்டேன்."

அவனே தொடர்ந்தான்.

"உன்கிட்ட வந்தா நீ காசு வாங்க மாட்ட. லஸ்மினி, அண்ணன்கிட்ட ஓசியில வாங்காதன்னு ஒரே புடியா நிக்கிறா. காசு குடுத்து வாங்கலாம்னா உன் பலகை என்ன தங்கத்துலயா செஞ்சிருக்க, அந்த வெல விக்கிற. அதான். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி."

அவன் சொன்ன காரணம் பொய்யாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். தங்கை அப்படிச் சொல்லக்கூடியவள்தான். நான் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக வந்திருந்தன. மூலையில் என் எழுத்து. நடுவில் இரண்டு துளைகள், ஈயம் படாத வெறும் துளைகள். சுத்தமாகத் துளைத்திருந்தான். எதற்கென்று தெரியாமலே.

மின்சாரம் கொடுத்துப் பச்சை விளக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று ரிலே இழுத்தது. சிவப்பு எரிந்தது. விட்டேன். பச்சை.

"அடேங்கப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றான். டெம்பேயை வாயில் போட்டுக்கொண்டே, "ரெண்டையும் பக்கத்துல வெச்சா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல மச்சான்" என்றான்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவன் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உன்னோடதுதான் அசல் மச்சான், என்னமோ அவசரத்துல இத வாங்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பலகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்னுடையதை அவன் பையில் போட்டு அனுப்பியிருப்பேன். நான் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன். காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக, "வாழக்கட்ட வெச்சுப் பாக்கலயா மச்சான்? நீ எப்பவும் பாப்பியே" என்றான்.

"காஞ்சு கெடக்கு. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றேன்.

வாழைக்கட்டை குழாயடியில் நனைந்துதான் கிடந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியாது.

"அப்போ கரண்ட நிறுத்தாமலே எறங்கலாமா?"

"அதான் பொத்தான் வேல செய்யுதே."

நான் சொன்னது அவ்வளவுதான். பொத்தான் வேலை செய்தது. அதில் பொய் எதுவும் இல்லை. துகிஜான் பலகையைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த டெம்பேயை வாழையிலையில் மடித்து வாங்கிக்கொண்டு, "லஸ்மினிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. எலி நடமாட்டம் குறைவாக இருந்ததால் அவன் உடனே கம்பிக்கு மின்சாரம் விடவில்லை. இடையில் அவனைப் பலமுறை பார்த்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றான். ஒரு கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். சொல்லலாம் என்று வாய்வரை வந்தது, ஐயா, உண்மையாகவே வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? ஒரு பலகையில் குறை என்று சொன்னால் எல்லாப் பலகையிலும் குறை என்று தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஹர்ஜிதோ துளைகளைப் பார்த்துக் கம்பியை வைத்துவிடுவான். பழையபடி இரண்டும் ஒன்று என்று ஆகிவிடும்.

மழை விட்டது. மறுநாள் விடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாவுச் செய்தி சொன்னார்கள். துகிஜான் பெயரைச் சொன்னபோது நான் ஒரு பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் துளையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் செம்பு பெயர்ந்துவிடும்.

நான் போனபோது வரப்பில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பாதி நிறைந்த எலிச் சாக்கு. வயல் குடிசையில் பலகை வைத்த பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வருகிற மின்சாரத்தைத்தான் யாரோ பிடுங்கியிருந்தார்களே தவிர, பெட்டிக்குள் இருந்த பேட்டரியில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். நடிக்கவில்லை. அவன் எனக்குப் பிடித்த ஆள்.

ஏழாம் நாள் ஓதல் முடிந்து, வந்தவர்கள் சோற்றுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போன பிறகு, லஸ்மினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவரு பயந்தாங்கொள்ளி. உனக்குத்தான் தெரியுமே. கல்யாணமான நாள்லேருந்து கம்பிப் பக்கம் கரண்ட நிறுத்தாம போனதே இல்ல. அன்னைக்கு நான் டார்ச் புடிச்சிக்கிட்டு நின்னேன். நிறுத்திட்டு எறங்குங்கன்னு சொன்னேன். அடிப் போடி, உங்கண்ணனே பாத்துட்டான், இதுக்கு மேல என்ன வேணும்னு சொல்லிட்டு எறங்கினாரு. சிரிச்சிக்கிட்டே எறங்கினாரு."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும். பொத்தான் வேலை செய்தது என்று அவளிடமும் சொன்னேன். "ஆமாண்ணே, நீ என்ன பண்ணுவ" என்றாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. இப்போதும் இருக்காது. நீங்கள் போய்ச் சொன்னால்தான் உண்டு.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹர்ஜிதோ கடையை உடைத்தார்கள். அவனை இழுத்துக்கொண்டு வந்து உங்களிடம் ஒப்படைத்தார்கள். 'அண்ணன் பலகையில இருந்த மாதிரியேதான் செஞ்சேன், எங்க தப்புன்னு தெரியல' என்று அவன் அழுதானாம். யாரும் நம்பவில்லை. திருடிவிட்டு உடையவன்மேலேயே பழி போடுகிறான் என்று இன்னும் இரண்டு அடி கொடுத்தார்கள். அவன் சொன்னது ஒரு எழுத்து விடாமல் உண்மை. பாவம், அவனுக்கே அது புரியவில்லை.

என் வாசலில் வரிசை நின்றது. சந்தையில் புகை விட்டுக்கொண்டு பேசினாரே, அவரும் வந்தார். "அசலக் குடு வியோனோ" என்றார். அந்த வார்த்தையைத்தான் நான் கேட்க விரும்பினேன். கேட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. துக்க வீட்டுக்காரன் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொல்வது அசிங்கம்தான். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நகரத்திலிருந்து வந்த பொறியாளரின் அறிக்கையை ஊர் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தீர்கள். சோதனைப் பொத்தான் பாதுகாப்புப் பகுதியைச் சோதிக்கவே இல்லை, பாதை நடுவில் அறுந்திருக்கிறது, இதை வரைந்தவருக்கு அடிப்படையே தெரியவில்லை, அறியாமையால் நேர்ந்த பிழை என்று எழுதியிருந்தார். அறியாமை. பிழை. சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அன்றிரவு முழுக்க அந்த இரண்டு வார்த்தைகள் என்னைத் தூங்கவிடவில்லை. துகிஜான் செத்த அன்றுகூட நான் தூங்கினேன்.

ஹர்ஜிதோ பலகை வரைகிறவன் அல்ல, ஐயா. அவனால் ஒரு கோட்டைக்கூட வரைய முடியாது. அதை வரைந்தது நான். பாதையை அறுத்தது நான். பொத்தானை மாற்றி இணைத்தது நான். நகல் எடுத்தவனின் பலகையை நம்பி ஒருவர் சாவார் என்று தெரிந்தேதான் செய்தேன். அந்த ஒருவர் என் தங்கை கணவன் என்று தெரிந்த பிறகும், கையில் பலகையை வைத்துக்கொண்டு, வெறும் துளைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, போய் வா என்று அனுப்பினேன். இதில் பிழை எங்கே இருக்கிறது? நான் நினைத்தது நினைத்தபடி வேலை செய்திருக்கிறது. அறிக்கையில் அந்த வரியைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். உட்காருங்கள்.

ஹர்ஜிதோ இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறான் என்று கேட்கிறீர்கள். அது அவனுக்குத்தான் தெரியும். நிறையத்தான் இருக்கும், மலிவு அல்லவா. எல்லோரும் கடை உடைத்ததைக் கைகொட்டிப் பார்த்தார்களே தவிர, தங்கள் வயலில் தொங்குவதைக் கழற்றியிருக்க மாட்டார்கள். துகிஜானுக்கு வந்த ஒன்றுதான் பழுது என்று நினைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார்கள். விளக்கு எரிந்திருக்கும்.

சரி செய்ய முடியுமா என்றால், முடியும். மிகச் சுலபம். ரிலேயைத் தூக்கிவிட்டு அந்த இரண்டு துளைகளுக்கும் ஒரு கம்பி வைத்து ஈயம் தொட்டால் தீர்ந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. உங்கள் ஆளின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் இருட்டுவதற்குள் பாதி ஊரை முடித்துவிடலாம். வேறு யாரை அனுப்பினாலும் எந்தத் துளைகள் என்று கண்டுபிடிக்கவே விடிந்துவிடும். ஆமாம், கதிர் பால் பிடிக்கிற நேரம்தான். இன்றைக்கு எல்லா வயலிலும் கம்பிக்கு மின்சாரம் விடுவார்கள்.

தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் என் பலகைகள் இல்லை, ஐயா. அடுத்தவன் வேலையில் கை வைக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.